டக் டக் டேப்பட்டை நம்பலாம்... சத்தமே இல்லாத டேப்பட்டை நம்பாதீங்க!

பழைய அம்பாசிடருக்கு வீட்டு வாசலிலேயே வால்வு இடைவெளி வைக்கும் முறை

விடியற்காலை நான்கு மணி. டிக்கியில் இரண்டு மூட்டை கத்திரிக்காய், பின் சீட்டில் வெண்டைக்காய்க் கூடைகள். ஐந்தரைக்குள் சந்தையில் இருந்தால்தான் விலை. சாவியைத் திருகினால் செல்ஃப் மட்டும் எடுக்கிறது. என்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. பத்து நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு ஒரு வழியாகக் கிளம்பினாலும், மேட்டில் மூச்சு வாங்குகிறது. ஆறு மாதத்துக்கு முன்பு இதே வண்டிதான் மூன்று மூட்டையோடு அந்த மேட்டில் டாப் கியரில் ஏறியது.

அந்த ஆறு மாதத்துக்கு முன்பு என்ன நடந்தது என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். "என்ஜின்ல டக் டக்னு தையல் மெஷின் மாதிரி சத்தம் வந்துச்சு. மெக்கானிக்கிட்ட, 'அண்ணே, சத்தமே இல்லாம பண்ணிக் குடுங்க'ன்னு சொன்னேன். அவரும் டேப்பட்டை டைட் பண்ணிக் கொடுத்தாரு. வண்டி பூனை மாதிரி போச்சு." பூனை மாதிரிப் போன வண்டியின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் எலி கொறித்த தேங்காய் மூடிபோல இருக்கும். வால்வு, கைடு, சீட், லேத் வேலை, கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்துப் பல ஆயிரம் ரூபாய். ஒரு பருவத்துக் கத்திரிக்காய் லாபம் அதிலேயே போய்விடும்.

மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. சத்தம் போக வேண்டும் என்று கேட்டார்கள். சத்தத்தைப் போக்கிக் கொடுத்தார். அளவு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அந்த இடைவெளி எதற்கு?

என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வுகள். ஒன்று பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடுவது. இன்னொன்று எரிந்த புகையை வெளியே விடுவது. வரப்பில் மடையைத் திறந்து அடைப்பதுபோலத்தான். கேம் என்கிற தண்டு சுற்றும்போது டேப்பட்டைத் தூக்குகிறது; டேப்பட் புஷ்ராடைத் தள்ளுகிறது; புஷ்ராட் ராக்கரைத் தூக்க, ராக்கரின் மறுமுனை வால்வின் தலையில் அழுத்தித் திறக்கிறது. கேமின் மேடு விலகியதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது.

வால்வு மூடியிருக்கும்போது ராக்கரின் முனைக்கும் வால்வின் தலைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். இரும்பு சூடானால் நீளும் என்பது மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா கட்டியவர்களுக்குப் புதிதில்லை. காய்ச்சிய பட்டா விரிந்து சக்கரத்தில் ஏறுகிறது; தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுகுகிறது. வால்வும் அப்படித்தான். வண்டி பாரத்தோடு ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வின் சூடு 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அது நீளுவதற்கு இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால், நீண்ட வால்வு ராக்கரில் முட்டிக்கொண்டு, முழுதாக மூடாமல் நிற்கும்.

இங்கேதான் விபரீதம் தொடங்குகிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் பதிந்து உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. சீட்டின் வழியாக ஹெட்டுக்கும், ஹெட்டிலிருந்து ரேடியேட்டர் தண்ணீருக்கும் சூடு போகிறது. உட்கார விடாவிட்டால் சூடு இறங்காது. சூடு இறங்காவிட்டால் இன்னும் நீளும். இன்னும் நீண்டால் இன்னும் கொஞ்சம் திறந்து நிற்கும். அந்தச் சந்து வழியாக நெருப்பே பீறிட்டுப் போகும். கொல்லன் உலையில் துருத்தி ஊதுவதுபோல வால்வின் ஓரத்தை அது தின்றுவிடும்.

இடைவெளி அதிகமானால் நடப்பது வேறு. ராக்கர் வால்வில் வந்து மோதும்போது டக் டக் என்று சத்தம் வரும். வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறந்து, கொஞ்சம் சீக்கிரம் மூடும். வண்டியின் இழுவை சற்றுக் குறையும். ராக்கர் முனையும் வால்வின் தலையும் அடிபட்டுத் தேயும். இதுவும் நல்லதில்லை. ஆனால், இது கூப்பாடு போட்டுச் சொல்லிவிடுகிற நோய். இடைவெளி குறைவது வாய் திறக்காத நோய். கூடுதலாக இருந்தால் சத்தம், குறைவாக இருந்தால் அமைதி. ஆகவே, காதை மட்டும் நம்பி டேப்பட் வைப்பவர், எப்போதும் ஆபத்தான பக்கமே சாய்கிறார்.

இன்னொரு விஷயம், யாரும் திருகாமலேயே இந்த இடைவெளி குறையும். ராக்கர், புஷ்ராட், கேம் தேய்ந்தால் இடைவெளி கூடும். வால்வும் அதன் சீட்டும் தேய்ந்தால், வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறி, இடைவெளி குறையும். பழைய என்ஜின்களுக்கு இந்த இரண்டாவது தேய்மானம் கூடுதல். ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம், வால்வு சீட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, அடி தாங்கும் மெத்தைபோல இருந்தது. 2000-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. மூச்சுக் காற்றுக்கு அது மிகவும் நல்லது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டின் சீட்டுக்குத்தான் மெத்தை போய்விட்டது. எல்.பி.ஜி. மாட்டிய வண்டிகளில் தேய்மானம் இன்னும் வேகமாக இருக்கும். கேஸ் வறண்ட எரிபொருள். வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் எந்தப் பசையையும் விட்டு வைக்காது. கேஸில் ஓடுகிற பழைய வண்டி 'இப்பல்லாம் சத்தமே இல்லை' என்று சந்தோஷப்பட்டால், அந்த வாரமே கேஜ் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அம்பாசிடர் ஏன் நல்ல பள்ளிக்கூடம்?

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்து, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரைத் தயாரித்தது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. இன்றும் கிராமத்து மாட்டுக் கொட்டகை ஓரத்தில், தார்ப்பாய் போர்த்திய ஒரு அம்பாசிடர் ஆங்காங்கே நிற்கத்தான் செய்கிறது. நீண்ட காலம் அதில் இருந்தது 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, கேம் அடியில், ராக்கர் மேலே. பானெட்டைத் தூக்கினால் ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம் என்கிற அளவுக்கு இடம். மூடியை இரண்டே நட்டு பிடித்துக்கொண்டிருக்கும். கற்றுக்கொள்ள இதைவிட வசதியான என்ஜின் கிடைப்பது அரிது.

கீழே சொல்லும் முறை இந்த 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜினுக்கானது. பிற்காலத்தில் வந்த இசுசு 1,800 சி.சி. என்ஜினின் அமைப்பு வேறு. டீசல் அம்பாசிடரின் அளவும் வேறு. வண்டிப் புத்தகம் தொலைந்துபோயிருந்தால், வேலையில் இறங்குவதற்கு முன்பே தெரிந்த இடத்தில் கேட்டு இரண்டு விஷயத்தை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் எத்தனை தௌ. இரண்டு, அந்த அளவு ஆறிய என்ஜினுக்கா, ஓடிச் சூடான என்ஜினுக்கா. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு தௌ. இந்த என்ஜினுக்கு மெக்கானிக்குகள் மனப்பாடமாகச் சொல்வது 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீட்டர். ஐந்தாறு அஞ்சலட்டையைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் வருவதைவிட மெல்லிய சந்து. அந்தச் சந்தில்தான் அத்தனை ஆயிரம் ரூபாயும் இருக்கிறது.

சாமான் அதிகம் வேண்டாம். ஒரு ஃபில்லர் கேஜ் (பல கனத்தில் எஃகு இதழ்கள் விசிறிபோல விரியும், ஆட்டோமொபைல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்), லாக் நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், நல்ல முனையுள்ள ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பேனர், வண்டியோடு வந்த கிராங்க் ஹேண்டில், ஒரு புதிய மூடி கேஸ்கெட், பழைய வேட்டித் துணி. கூடவே ஒரு நோட்டும் பேனாவும். நோட்டை யாரும் சாமானாகவே நினைப்பதில்லை. இந்த வேலையில் ஸ்பேனருக்கு அடுத்த முக்கியம் அதற்குத்தான்.

கழற்றுவதற்கு முன்பு கையால் ஒரு சோதனை

மூடியைத் தொடுவதற்கு முன்பே என்ஜினின் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்டிலை மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டு முழுச் சுற்றுக்குள் நான்கு இடத்தில் கை கனக்கும். நான்கு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றை அழுத்துகிற இடங்கள் அவை. நான்கும் ஒரே மாதிரி கனத்தால் நல்லது. மூன்று கனத்து, ஒன்று மட்டும் சொத்தென்று வழுக்கிக்கொண்டு போனால், அந்தச் சிலிண்டரில் காற்று எங்கோ ஒழுகுகிறது. ரிங், ஹெட் கேஸ்கெட் என்று வேறு காரணங்களும் உண்டு என்றாலும், முதலில் சந்தேகப்பட வேண்டியது மூடாத வால்வைத்தான்.

ஹேண்டில் சுற்றும்போது கட்டை விரலை மடக்கி ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. மற்ற நான்கு விரலோடு கட்டை விரலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஹேண்டில் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். அந்தக் காலத்து லாரி டிரைவர்கள் சீடனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடமே இதுதான்.

இன்னொரு சோதனை, வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, ஓடவிட்டு, சைலன்ஸர் வாயருகே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடிப்பது. புகை காகிதத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நடுநடுவே காகிதத்தை உள்ளே இழுத்தால், எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். பிளக் சரியாக எரியாவிட்டாலும் இப்படி நடக்கும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

மூடியைத் திறக்கும் வேலை

முதல் நாள் இரவே வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டால், ஆறிய அளவு வேண்டியவர்களுக்குக் காலையில் என்ஜின் தயாராக இருக்கும். சூடான அளவு வேண்டும் என்றால், நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு உடனே வேலையில் இறங்க வேண்டும். ஒன்றின் அளவை மற்றதில் வைத்தால், செய்யாமல் இருப்பதே மேல். முதல்முறை செய்பவருக்குச் சூடான என்ஜின் கையைச் சுட்டுவிடும். நேரமும் போதாமல் பதற்றம் வரும். பக்கத்தில் பழகிய ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி வைக்க வேண்டும். மூடியைத் திறக்கும் முன்பு, அதன் மேலும் சுற்றிலும் இருக்கிற புழுதியைத் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். களத்து மேட்டில் நிற்கிற வண்டியில் ஒரு விரல் கனத்துக்கு மண் இருக்கும். அது உள்ளே விழுந்தால் ஆயிலோடு கலந்து உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்த கதையாகிவிடும். பிளக் வயர்களில் 1, 2, 3, 4 என்று எண் ஒட்டிவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றிவிடலாம். பிளக் இல்லாத என்ஜினை ஒரு கையால் சுற்றலாம், உதைக்கவும் செய்யாது.

இரண்டு நட்டையும் எடுத்து மூடியைத் தூக்கினால், எட்டு ராக்கரும் ஆயில் மினுமினுக்க வரிசையாக உட்கார்ந்திருக்கும். உடனே, ஹெட்டில் தெரிகிற குழிகளைத் துணியால் மூடிவிட வேண்டும். ஒரு வாஷர் கைதவறிப் புஷ்ராட் துளைக்குள் விழுந்தால், அரைமணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும்.

ஒன்பது கணக்கு

எந்த வால்வை எப்போது அளப்பது என்பதுதான் எல்லோரும் குழம்பும் இடம். கேமின் மேடு டேப்பட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும்போது அளந்தால்தான் உண்மையான இடைவெளி தெரியும். கேம் கண்ணுக்குத் தெரியாதே? அதற்குத்தான் மெக்கானிக்குகள் ஒன்பது கணக்கை வைத்திருக்கிறார்கள்.

ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுக்க வேண்டும். இந்த என்ஜினில் 1, 4, 5, 8 நான்கும் எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட். ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டே வரும்போது, எந்த வால்வு முழுதாக அமுங்கித் திறந்து நிற்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க வேண்டும். மிஞ்சுகிற எண்ணுள்ள வால்வை அளக்க வேண்டும். 8 திறந்திருந்தால் 1-ஐ அளக்கலாம். 6 திறந்திருந்தால் 3. அடுத்து 4 திறக்கும், அப்போது 5. பிறகு 7 திறக்கும், அப்போது 2. தொடர்ந்து 1 திறக்க 8, 3 திறக்க 6, 5 திறக்க 4, 2 திறக்க 7. ஹேண்டில் இரண்டு முழுச் சுற்று சுற்றுவதற்குள் எட்டும் முடிந்துவிடும்.

இது மந்திரம் இல்லை. முதல் சிலிண்டரின் பிஸ்டனும் நான்காவதும் ஜோடி மாடுபோல ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. ஆனால், ஒன்றின் வேலைக்கும் மற்றதன் வேலைக்கும் ஒரு முழுச் சுற்று வித்தியாசம். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. ஒன்றின் எக்ஸாஸ்ட் உச்சத்தில் திறந்திருக்கும்போது, ஜோடியின் எக்ஸாஸ்ட் முழு ஓய்வில் இருக்கும். ஜோடிகளின் எண்ணைக் கூட்டினால் ஒன்பது வருகிறது, அவ்வளவுதான். வால்வுகள் இப்படி முன்பின் ஒரே ஒழுங்கில் உள்ள வேறு சில நான்கு சிலிண்டர் என்ஜின்களுக்கும் இது பொருந்தும். மூன்று சிலிண்டர் டிராக்டருக்கும் மூன்று சிலிண்டர் மாருதி 800-க்கும் பொருந்தாது.

முதல் சுற்றில் திருகாதீர்கள்

அவசரக்காரர்கள் தவறுகிற இடம் இது. முதல் சுற்றில் ஸ்பேனரைத் தொடவே கூடாது. எட்டு வால்வையும் இருக்கிற நிலையில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். எந்த இதழ் மெல்லிய பிடிப்போடு போய்வருகிறதோ அதுதான் அளவு. 1-ல் 13, 2-ல் 17, 5-ல் 6 தௌ என்று எதுவும் வரலாம். பக்கத்தில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிட வேண்டும்.

காரணம் இருக்கிறது. 15 இருக்க வேண்டிய ஐந்தாம் வால்வில் 6 தௌதான் இருக்கிறது என்றால், அதைச் சரியாக வைத்து மூடிவிடலாம்; வண்டி நன்றாகவே ஓடும். ஆனால், அடுத்த முறை பார்க்கும்போதும் அதே ஐந்தாவது மட்டும் 8-க்கு இறங்கியிருந்தால், அந்த சீட் வேகமாகத் தேய்ந்து, வால்வு உள்ளே ஏறிக்கொண்டே போகிறது என்று பொருள். மற்ற ஏழும் அசையாமல் இருக்க, ஒன்று மட்டும் இறங்குவது நோட்டில்தான் தெரியும். காதுக்குத் தெரியவே தெரியாது. வால்வு கருகுவதற்கு முன்பே, விதைப்பும் அறுவடையும் இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து ஹெட்டை இறக்கலாம். அந்த நேரத்தில் சீட் வேலையோடு போகும். கருகிய பிறகு என்றால், அது சந்தை நாளில்தான் நடக்கும்.

இரண்டாவது சுற்றில்தான் திருகும் வேலை. லாக் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பினால் இடைவெளி குறையும். இடப்பக்கம் திருப்பினால் கூடும். 15 தௌ இதழை நடுவில் விட்டு, முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே திருக வேண்டும். கனமான புத்தகத்துக்குள் இருக்கிற ரூபாய் நோட்டை உருவினால் ஒரு பிடிப்பு இருக்குமே, அந்தப் பிடிப்புப் போதும். பிறகு ஸ்க்ரூவை டிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பி அளவு மாறிவிடும். முதல்முறை செய்பவர்களுக்கு நான்கில் மூன்று இப்படித்தான் ஆகும். அதனால், இறுக்கிய பிறகு திரும்பவும் அளப்பது கட்டாயம். 14 தாராளமாகப் போக வேண்டும்; 16 போக மறுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால், அரை தௌ கூடுதலாக விடுவதில் குற்றமில்லை. குறைவாக விடுவதில் குற்றம் உண்டு.

சில வண்டிகளில் அளவு சரியாக வைத்தும் சத்தம் நிற்காது. ராக்கரின் முனையில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் காரணம் தெரியும். பல வருடம் அடித்து அடித்து அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கேஜ் இதழ் தட்டையானது. பள்ளத்தின் இரு கரையிலும் பாலம்போல உட்கார்ந்து 15 என்று காட்டும். உள்ளே உண்மையான இடைவெளி 20-க்கு மேல் இருக்கலாம். இதற்கு மருந்து ராக்கரைச் சாணை பிடிப்பதோ மாற்றுவதோதான். சத்தத்தைக் கொல்ல ஸ்க்ரூவை இன்னும் அரைச் சுற்று இறுக்குவது, கதையின் ஆரம்பத்துக்கே கொண்டுபோய் விடும். ராக்கர் வாங்கக் காசு வருகிற வரைக்கும் அந்த டக் டக்கோடு ஓட்டுவது தப்பே இல்லை.

மூடிய பிறகு

துணியை எடுத்து, ஸ்பேனர், டிரைவர், நட்டு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு மூடியை வைக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டின் துணுக்குகளைச் சுரண்டி எடுத்து, புதிய கார்க் கேஸ்கெட்டை நேராக உட்கார வைப்பது முக்கியம். 'ஆயில் கசியக் கூடாது' என்று பலத்தையெல்லாம் காட்டி நட்டை இறுக்கினால், தகர மூடி வளைந்து கசிவதற்கே வழி செய்யும். இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக, கார்க் லேசாக அமுங்குகிற வரைக்கும் இறுக்கினால் போதும். பிளக், வயர், பேட்டரி முனை எல்லாம் மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தால், எட்டு ராக்கரும் ஒரே சுருதியில் லேசாகத் தட்டும். அந்த லேசான தட்டல் இருக்கத்தான் வேண்டும்.

மறுநாள் காலை மூடியின் ஓரத்தில் ஆயில் வழிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. ஹெட் வேலை செய்து வந்த வண்டி என்றால், ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கிய பிறகு டேப்பட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். ஹெட் இறங்கும்போது இடைவெளியும் மாறும். பெட்ரோலில் ஓடும் பழைய வண்டிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை, கேஸில் ஓடுவதற்கு ஐயாயிரத்துக்கு ஒரு தடவை கேஜ் போட்டால் நல்லது.

மாருதி 800, பழைய ஆம்னி போன்றவற்றிலும் ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான் என்பதால் வேலை இதே மாதிரிதான். அளவும் வரிசையும் அந்தந்தப் புத்தகப்படி. புதிய கார்கள் பலவற்றில் திருக ஸ்க்ரூவே கிடையாது. சிலவற்றில் ஆயில் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கொள்கிறது. சிலவற்றில் வேறு கனமுள்ள துண்டு மாற்ற வேண்டும். அவற்றை வீட்டு வாசலில் திறக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

காரே இல்லாத வீட்டிலும், கிணற்று மேட்டில் ஓர் ஆயில் என்ஜின் இருக்கும். ஒரே சிலிண்டர், இரண்டே வால்வு என்பதால், கற்றுக்கொள்ள அதுவே இன்னும் சுலபம். ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றி, இன்லெட் வால்வு திறந்து மூடிய பிறகு, பிஸ்டன் மேலே ஏறி அழுத்தத்தின் உச்சிக்கு வருகிற இடத்தில் நிறுத்தினால், இரண்டு வால்வும் மூடியிருக்கும். இரண்டையும் அங்கேயே அளந்துவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. சுலபமாகச் சுற்றுவதற்காகத் தூக்கி வைத்த டிகம்ப்ரஷன் லிவரை இறக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். அந்த லிவர் ஒரு வால்வைத் திறந்தே பிடித்துக்கொண்டிருக்கும். அதை மறந்துவிட்டுக் கேஜ் போட்டு, 'இடைவெளி ரொம்பக் கூடுதலா இருக்கே' என்று இறுக்கிவிட்டால், லிவரை இறக்கிய பிறகு அந்த வால்வு மூடவே மூடாது.